சின்ன வகுப்பு

பழமண்டி எங்கள் தெருவில் இருந்தவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் ஆசைப்பட்டு வந்ததில்லை. மண்டியின் பின்சுவரும் பள்ளிக்கூடத்தின் முன்சுவரும் ஒரே சுவர்தான். மழை பெய்தால் அழுகின தோலெல்லாம் மிதந்து போய் முதல் வகுப்பு வாசலில் நிற்கும். வாத்தியார்கள் வேலையில் சேருகிற அன்றைக்கே மாற்றலுக்கும் எழுதிப்போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. படித்ததெல்லாம் அக்கரைக்காரர்களின் பிள்ளைகள். எந்த ஆற்றுக்கு அக்கரை என்று இப்போது இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. தாத்தா காலத்தில் கூலிக்கு வந்தவர்கள், மூன்று தலைமுறை ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. வீட்டுக்குள் அவர்கள் பேச்சு வேறு. வெளியில் ஊர்ப் பேச்சுத்தான் பேசுவார்கள், அதையும் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். வாயைத் திறந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வாய்ப்பாடு என்பது அவர்களில் ஒரு பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயர் அவள் அப்பாவுக்கே யோசித்தால்தான் வரும். அவளுக்கு நடை வராத வயதில், மண்டியில் சாக்கு விரித்து உட்காரவைத்துவிட்டு அம்மா வேலை செய்வாள். ஏலம் கூவுகிற சத்தமும் எடை சொல்லுகிற சத்தமும் காதில் விழுந்து விழுந்து, பேச்சோடு பேச்சாகக் கணக்கும் வந்துவிட்டது. வியாபாரிகள் போகிற போக்கில் சீண்டுவார்கள், பதினேழு பெட்டி, பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ, எவ்வளவு என்று. மண்டிக் கணக்கர் பேனா மூடியைத் திருகுவதற்குள் இவள் சொல்லிவிடுவாள். கணக்கருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வியாபாரி ஒரு பழத்தை அவள் மடியில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

அம்மாவுக்குத் தரம் பிரிக்கிற வேலை. ஆரஞ்சோ ஆப்பிளோ, வண்டியிலிருந்து இறங்குகிற சரக்கை நீளமான மேஜையில் கொட்டுவார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று கை ஓட்டுவார்கள். ஒரு பழத்தை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, காம்புப் பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு பழத்துக்கு நேரம் கிடையாது. சுமாரானது கூடையில் குவியலாக விழும். அடிபட்டது ஜூஸ் கடைக்குப் போகும். அழுகினதை டிரம்மில் எறிவார்கள். முதல் தரம் மட்டும் தட்டுக்குப் போகும். தட்டு சின்னது, அடியில் காகிதம் விரித்து, ஒன்றோடொன்று இடிக்காமல் பன்னிரண்டு பழம் வைப்பார்கள். குவியலிலிருந்து எடுத்து, தனியாக, கொஞ்சமாக, மெத்தை போட்டு வைத்தால் அது உசத்தி. இருபது வருஷத்தில் அவள் கை படித்த படிப்பு அதுதான். விரல் நுனியெல்லாம் வெடித்து மஞ்சள் பூத்திருக்கும். சோறு பிசைந்தால் எரிகிறதென்று கரண்டியால் சாப்பிடுவாள். அதற்கும் எங்கள் தெருவில் துரைசானி என்று கேலி செய்வோம்.

சாயங்காலம் ஏலம் முடிந்த பிறகும் மண்டியின் பெரிய விளக்குகளை அணைக்கமாட்டார்கள். எடை மேடையில் அக்கரைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படிப்பார்கள். அவர்கள் வீடெல்லாம் ஒற்றை அறை, ஒருவர் படிக்க உட்கார்ந்தால் ஒருவர் காலை மடக்கிப் படுக்க வேண்டும். மேடையில் பெரியதுகள் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். புரியாததை அக்கரைப் பேச்சிலேயே கேட்கலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். பசித்தால் அடிபட்ட பழத்தில் நல்ல பக்கத்தை அரிந்து ஆளுக்கொரு துண்டு கிடைக்கும். வாய்ப்பாடு எட்டாவது வரைக்கும் கணக்கில் முதல். பாலம் கட்டுகிற படிப்புப் படிப்பேன் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பத்தாவது பொதுப்பரீட்சையில் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கினால்தான் மேலே அந்தப் படிப்புப் பக்கம் போகமுடியும். பாலத்துக்கெல்லாம் படிப்பு உண்டா என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். அப்புறம் மண்டி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மகள் ஒன்பதாவது போன வருஷம் மண்டி போய்விட்டது. ஊருக்கு வெளியில், நெடுஞ்சாலை தாண்டி, இன்னும் பெரிதாகக் கட்டிக்கொடுத்தார்கள். மண்டியில் பாதியை இரண்டு வருஷம் முன்பே இடித்து எழுப்பிய அடுக்குமாடியில் ஆட்கள் குடியேறினார்கள். ஒரு மூலையில் பழைய தகரக் கூரையை மட்டும் விட்டுவைத்து, வண்ணம் அடித்து, காப்பிக் கடை திறந்தார்கள். எடைத் தராசை உயரத்தில் தொங்கவிட்டு அதில் செடி வளர்த்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடை மேடையை இடித்து அங்கே கார் நிறுத்தினார்கள். எங்களுக்கு அப்போது அதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

புதிதாக வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் வாசலில் நின்று இரண்டு வார்த்தை திட்டியாவது இருப்போம். பார்த்தால் சிரித்தார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். காலையும் மாலையும் ஒரு வெள்ளை நாயோடு நடக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். நாய்க்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளை வண்டியில் தூரத்துக்கு அனுப்புவானேன், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதையே நல்லதாக்கிக்கொள்ளலாமே என்று முதலில் சொன்னது அவள்தான். பெற்றோர் சங்கம் ஒன்று முளைத்தது. கக்கூஸுக்குக் கதவு வேண்டும் என்று நாங்கள் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் மூன்று வாரத்தில் வாங்கிவிட்டாள். சுவருக்கு வர்ணம் வந்தது, லைப்ரரி வந்தது, தொட்டால் வெளிச்சம் வருகிற பலகை வந்தது. எங்கள் தெருவே அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. வாய்ப்பாட்டின் அம்மாதான் முதலில் ஆடினாள்.

ஆனால் மண்டி தூரமாகிவிட்டது. விடிவதற்கு முன்னால் லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், திரும்பக் கொண்டுவந்து விடும்போது இருட்டிவிடும். அப்பா மூன்று சக்கர வண்டியில் சரக்கு ஓட்டுகிறவர், அவரும் அங்கேதான் கிடந்தார். தண்ணீர் பிடிப்பது, சோறு வைப்பது, நாலாவது படிக்கிற தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்புவது எல்லாம் பெரியவள் தலையில் விழுந்தது. ராத்திரி அப்பாவும் அம்மாவும் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள், விளக்குப் போடமுடியாது. தெருவிளக்குக்குக் கீழே புத்தகத்தோடு போய் நின்றாள். வயசுப் பெண் தெருவில் நிற்பதாவது என்று அப்பா உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

வகுப்பிலும் வேகம் கூடிவிட்டது. புதுப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. இதெல்லாம் தெரியும்தானே என்று கணக்கு சார் கேட்பார், தெரியும் என்று பாதி வகுப்பு சொல்லும், அவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். முன்பெல்லாம் கரும்பலகையில் அவர் தப்பு செய்தால் எழுந்து சொல்லுகிறவள் வாய்ப்பாடு. ஒருநாள் அப்படி எழுந்து சொன்னபோது அவள் இழுப்பைக் கேட்டுப் புதுப் பையன் ஒருவன் அதே மாதிரி பேசிக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அக்கரைப் பிள்ளைகளும் சேர்ந்துதான் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. வருஷக் கடைசியில் கணக்கில் பாதி மார்க்குக்குக் கொஞ்சம் மேலே வாங்கியிருந்தாள்.

பத்தாவது தொடங்கிய வாரத்தில் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். அப்பாவுக்குச் சரக்கு இருந்தது. அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள். அப்படியும் ஆரஞ்சு வாசனை போகவில்லை.

பெரிய டீச்சர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் அக்கரைக்காரி அவளாகத்தான் இருக்கும்.

"பத்தாவதுல ஒரு சின்ன வகுப்பு ஆரம்பிக்கிறோம்மா. மொத்தமே பன்னண்டு பிள்ளைங்க. அவங்களுக்குன்னு தனி டீச்சர், தனி ரூம். உங்க பொண்ணையும் அதுல சேக்கலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"எம் பொண்ணையா?"

"ஆமா."

"அத்தனை பேர்லேர்ந்து பிரிச்சு எடுக்கறீங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"கணக்குல அவ கெட்டிக்காரிம்மா. இப்ப கொஞ்சம் வீட்டு வேலை ஜாஸ்தி."

"தெரியும்மா. அங்க அவசரம் கிடையாது. அவ வேகத்துக்கு அவ படிக்கலாம். நல்லாத் தயாரான பிறகுதான் பரீட்சைக்கு அனுப்புவோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. பெரிய டீச்சர் பொய் சொல்லவில்லை, அதை யாரும் சொல்லிவிட முடியாது. அம்மா அதைக் கேட்டு, தயாராகாத பிள்ளையை அனுப்பமாட்டார்களாம், எவ்வளவு அக்கறை பார் என்று நினைத்தாள். அறையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கூட்டிப்போய்க் காட்டினார்கள். பின்கட்டில், சமையல் அறைக்குப் பக்கத்தில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறை. பன்னிரண்டு நாற்காலி, தரையில் பாய், தலைக்கு மேல் மின்விசிறி. அழுகலுக்கு யார் பாய் விரிப்பார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. சரிங்கம்மா, சரிங்கம்மா என்று நாலு தடவை சொன்னாள்.

வாசலில் கணக்கு சார் நின்றிருந்தார். அவள் வெளியே வரட்டும் என்றுதான் நின்றிருந்தார் போலிருக்கிறது.

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார். எல்லாம் நீங்க போட்ட பிச்சை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஏன் சார்?"

அவர் திரும்பிப் பெரிய டீச்சரின் ஜன்னலைப் பார்த்தார். கையில் இருந்த சாக்குக்கட்டித் தூளை வேட்டியில் துடைத்தார்.

"ஒண்ணுமில்ல. என் வகுப்புலயே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், அவ்வளவுதான்."

இன்னும் ஒரே ஒரு வாக்கியம் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நல்ல பிள்ளையைத் தன் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்களே என்று வாத்தியாருக்கு வயிற்றெரிச்சல் என்று அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி முதல் தரத்தில் ஒரு தட்டு ஆரஞ்சு வாங்கிப் பெரிய டீச்சருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு வாரம் சென்று, ராத்திரி சாப்பிடும்போது மகள் பேச்சை எடுத்தாள்.

"நான் அந்த வகுப்புக்கு இனிமே போகலம்மா."

"ஏன், என்ன வந்துச்சு?"

"அங்க யார் யார் இருக்காங்கன்னு பாத்தியா நீ? பதினோரு பேர் நம்ம ஆளுங்க. இன்னொருத்தனுக்குக் காது கேக்காது."

"நம்ம ஆளுங்கள்ல நல்லாப் படிக்கறதுகளப் பொறுக்கி எடுத்திருப்பாங்க."

"அம்மா, அங்க கணக்கே கிடையாது. கூட்டலும் கழித்தலும் போடச் சொல்றாங்க. மத்தியானம் காகிதப் பை ஒட்டச் சொல்றாங்க."

"முதல்ல அடிமட்டத்துலேர்ந்து வருவாங்க. வீடு கட்டறவன் கூரையிலேர்ந்தா ஆரம்பிப்பான்?"

"அது மக்கு வகுப்பும்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"பொறாமைல சொல்லுவாங்க. உனக்கு உழைக்க வலிக்குது, அதான் சாக்குச் சொல்ற."

"உனக்குப் பழத்தைத் தவிர ஒரு எழவும் தெரியாது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அறைந்தாள். அவள் அந்தப் பெண்ணை அடித்து யாரும் பார்த்ததில்லை. விரல் வெடிப்புத் திறந்து, பெண்ணின் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஒட்டிக்கொண்டது. தங்கை அழ ஆரம்பித்தாள். அப்பா சோற்றில் கையை வைத்தபடி, போய்த்தான் பாரேன் கண்ணு, பெரிய டீச்சர் பொய்யா சொல்லப்போறாங்க என்றார். பெரியவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு தட்டைக் கழுவப் போனாள். அப்புறம் அவள் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. தினமும் காலையில் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அம்மா மட்டும் ஓயவில்லை. லாரியில் போகும்போதும் வரும்போதும் சின்ன வகுப்புப் புராணம்தான். தனி டீச்சராம், மின்விசிறியாம், பாயாம். கேட்டுக் கேட்டு, உடன் வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கு ஆசை வந்துவிட்டது. அவர்கள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய், எங்கள் பிள்ளைகளையும் அதில் போடுங்கம்மா என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய டீச்சருக்கு ஆச்சரியம். மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். அந்தச் செய்தியை அவர்கள் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னபோது, அப்ப மொத்தம் பதினாலா என்று அவள் கேட்டாள். ஆமாக்கா, உங்க புண்ணியம் என்றார்கள். அன்றைக்கு முழுக்க மேஜையில் அவள் கை தடுமாறியது. நல்ல பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கேட்ட மாத்திரத்தில் முதல் தரத்தில் இடம் கொடுக்கிறவர்களை அவள் பார்த்ததில்லை.

அப்படியும் அவள் மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்தான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பையன் ஹால் டிக்கெட்டை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தருவாங்க?"

"தரமாட்டாங்க."

"உனக்கா?"

"சின்ன வகுப்புல யாருக்குமே கிடையாது."

அம்மா மறுநாள் லாரிக்குப் போகவில்லை. மண்டிக்குக் கட்டுகிற பழைய சேலையோடு பள்ளிக்கு நடந்தாள். வெயில் அப்போதே சுட்டது. வழியில் நாய்க்காரம்மா, என்னம்மா வேலைக்குப் போகலையா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அம்மாவுக்குக் காதில் விழவில்லை.

பெரிய டீச்சர் கோபப்படவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா. தயாரான பிறகுதான் அனுப்புவோம்னு."

"நான் வேற மாதிரி நினைச்சுட்டேம்மா. நீங்க பிரிச்சு எடுக்கறேன்னதும் நல்ல பிள்ளைங்களைன்னு நினைச்சுட்டேன். தப்பு என்னோடது. அவளை விட்டுடுங்க, எழுதட்டும்."

"பேர் அனுப்பற நாள் முடிஞ்சுபோச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வருஷம் வெளியிலேர்ந்து தனியா எழுதிக்கலாம்."

"அவ பாஸ் பண்ணிடுவாம்மா. எட்டாவது வரைக்கும் முதல் மார்க்கு. நீங்களே கையால பரிசு குடுத்திருக்கீங்க."

"ஞாபகம் இருக்கும்மா. பண்ணினாலும் பண்ணுவா. ஆனா பண்ணாமப் போயிட்டான்னா? போன வருஷம் எத்தனை பேர் ஃபெயில் ஆனாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? இந்த வருஷம் நூத்துக்கு நூறு வரலைன்னா புதுசா வந்தவங்க எல்லாம் பிள்ளைங்களை வேற ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பழையபடி கதவில்லாத கக்கூஸ்தான். உங்க சின்னப் பொண்ணும் இங்கதானே படிக்கிறா?"

அம்மாவுக்கு அதைக் கேட்கக் கேட்க நியாயம் மாதிரியும் இருந்தது. காலைப் பிடிக்கக் குனிந்தாள், பெரிய டீச்சர் பதறி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சேச்சே, என்னம்மா இது என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் போலவும் இருந்தது. புதிதாகத் தொடங்கின மழலை வகுப்புக்கு ஒரு உதவியாள் தேவை, சங்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், உங்கள் பெண் பொறுமையான பெண், அவளையே வைத்துக்கொள்கிறேன் என்றார். அம்மா வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் அப்பா குதித்தார். நீதானே தலையை ஆட்டிவிட்டு வந்தாய், ஊரெல்லாம் தமுக்கடித்தாய், இப்போது அழுது என்ன பிரயோஜனம் என்று கத்தினார். அன்றைக்குச் சரக்கை விட்டுவிட்டு அவரும் கூடப் போயிருக்கலாம் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அம்மா மகளிடம் கேட்டாள்.

"இன்னொரு தடவை அடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதாடி? ஒரு தடவை சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டம்மா. ரொம்ப சந்தோஷமா இருந்த."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

அந்த இரண்டு பெண்கள் லாரியில் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மேஜையில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் இடம் மாறிப் போய் நின்றார்கள். ஒருத்தி மட்டும் சாப்பாட்டு வேளையில் வந்து, எம் புள்ள நல்ல வகுப்புல இருந்தான்க்கா, ஒழுங்காப் பரீட்சை எழுதியிருப்பான் என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மழலை வகுப்பு வேலைக்குப் பெரியவள் தானாகவே போனாள். அடுத்த வருஷம் தனியாக எழுதப் புத்தகம் வேண்டும், பணம் கட்ட வேண்டும், மத்தியானம் வரைக்கும்தானே வேலை, மிச்ச நேரம் படிக்கிறேன் என்றாள். கணக்கு சாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லித்தருவதாகச் சொன்னார். இரண்டு ஞாயிறு வந்தார். மூன்றாவது ஞாயிறு அடுக்குமாடியில் யாரோ ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தரப் போகிற அவசரத்தில், அடுத்த வாரம் வருகிறேன் என்று தெருவில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் முடிய வேண்டிய வேலை சாயங்காலம் வரை இழுத்தது. அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரத் தாமதமாகும், அதுவரை இவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். புத்தகங்கள் பரணில் ஏறின.

பொதுப்பரீட்சை நடந்த நாட்களில் மழலை வகுப்புக்கு விடுமுறை. பரீட்சை எழுதுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும் என்று அவளை அங்கே விட்டார்கள். கேனும் தம்ளருமாக வரிசை வரிசையாகப் போய்வந்தாள். நாய்க்காரம்மாவின் மகன் இரண்டு தடவை தண்ணீர் கேட்டானாம். கணக்குப் பரீட்சை அன்றைக்கு, தம்ளரை நீட்டுகிற நேரத்தில் கேள்வித்தாளைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ராத்திரி அம்மா பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு கணக்கைத் தவிர எல்லாம் எனக்கு வந்துச்சும்மா. நடந்துக்கிட்டே மனசுலயே போட்டேன்."

அம்மா நிமிரவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த காலையில் பரீட்சை முடிவு வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய துணி கட்டினார்கள், நூற்றுக்கு நூறு என்று எழுதி. வெடி வெடித்தார்கள். சங்கத்தில் செலவு செய்து தெருவுக்கே இனிப்புக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. பெரிய டீச்சர் முன்னால் வந்தார், பக்கத்தில் நாய்க்காரம்மா, பின்னால் இனிப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாய்ப்பாடு. வீடு வீடாக நின்று வந்தார்கள். எங்கள் வீட்டிலும் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டோம், நன்றாகத்தான் இருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலும் நின்று கொடுத்தார்கள். ஒன்றிரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊரில் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு நாய்க்காரம்மா நகர்ந்தாள்.

அன்றைக்கு லாரி வரவில்லை, அம்மா வீட்டில் இருந்தாள். வாசலில் அவர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நூத்துக்கு நூறும்மா" என்றார் பெரிய டீச்சர். அவர் முகம் பூரித்திருந்தது. "இதுல உங்களுக்கும் பங்கு இருக்கு. அன்னிக்கு நீங்க புரிஞ்சுக்கிட்டு விட்டுக்குடுத்தீங்க, எல்லாருக்கும் அந்த மனசு வராது."

நாய்க்காரம்மா, உங்கள் பெண் இல்லாவிட்டால் எங்கள் மழலை வகுப்பே நடக்காது, தங்கமான பெண் என்றாள். மகள் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி நின்றாள்.

"சின்னவளும் ஆறாவது வரா இல்ல? ஆறாவதுலேர்ந்தே இனிமே சின்ன வகுப்பு வெக்கிறோம். அவ பேரையும் எழுதிட்டேன்."

"வேணாம்மா."

அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் யாரிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை. மறுபடியும் சொன்னாள். "அவளை அங்க போடாதீங்க. கூட்டத்தோட கூட்டமா இருக்கட்டும். தோத்தாலும் தோக்கட்டும்."

பெரிய டீச்சர் நாய்க்காரம்மாவைப் பார்த்தார். பிறகு நிஜமான இரக்கத்தோடு அம்மாவின் தோளில் கை வைத்தார்.

"அங்க இடம் இல்லையேம்மா. புதுசா எத்தனை பேர் வந்து சேந்திருக்காங்க பாருங்க. சின்ன வகுப்புல ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, அதையும் உங்களுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

உள்ளே தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இனிப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பாதித் தெரு பாக்கி இருந்தது. நாய்க்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியவள் டப்பாவை அம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்கம்மா" என்றாள். "கை வலிக்குது."

அம்மா ஒன்று எடுத்துக்கொண்டாள். தங்கச்சிக்கும் என்றாள் மகள், இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.